சிக்கெடுக்கத் தெரிந்தவன்

“நாயை இந்த லட்சணத்துல வெச்சிருக்கறதுக்கு, வளர்க்காமலே இருந்திருக்கலாமே!”

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

அவள் மழைக்குத்தான் ஒதுங்கினாள். ஒதுங்கிய இடம் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடை என்பதை, அவளுடைய நாய் கம்பளி கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்த பிறகே கவனித்தாள். பாய்ந்தது மட்டுமா... மேசை மேல் குளித்துத் துவட்டி, பவுடர் போட்டு நின்ற வெள்ளை நாய்க்குட்டியின் பக்கத்தில் நின்று, உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. சேற்றுத் தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது.

“ஐயோ... மன்னிச்சிடுங்க...” என்று அவள் ஓடிவருவதற்குள், அவன் கம்பளியின் காதைத் திருப்பிப் பார்த்திருந்தான். உள்ளே பட்டாணி பட்டாணியாக உண்ணிகள், ரத்தம் குடித்து உப்பி. அப்போதுதான் அந்தக் கோபம் வந்தது.

அவள் முகம் வெளுத்தது. அழுகை வரவில்லை. அது எப்போதோ வற்றிவிட்டது.

“வளர்த்தவர் செத்துட்டாருங்க,” என்றாள். “நான் மிச்சம்... அவ்வளவுதான்.”

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க அடுத்தவர் கண்களைப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஆனால் இரண்டு கண்கள் அவன் கண்களைப்போல அடிபட்டுத் தாழ்வதை அவள் அருகில் நின்று பார்த்ததில்லை. மழைக்கு முந்தைய வானத்தின் நிறம் அந்தக் கண்களுக்கு...

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கம்பளியை மெதுவாகத் தூக்கி மேசையில் வைத்தான்.

கணவன் விபத்தில் போனதிலிருந்து கம்பளியை யாரும் சீவவில்லை. வயிற்றிலும் தொடையிலும் முடி சடைபிடித்துக் கட்டை கட்டையாகத் தொங்கியது. காலையில் தலையணையில் ஓர் உண்ணி ஊர்ந்ததைப் பார்த்த மாமியார், “எங்கேயாவது விட்டுட்டு வா, எனக்குத் தாங்கலை” என்று சொல்லிவிட்டார். நாய்க் காப்பகத்துக்குத்தான் அவள் புறப்பட்டிருந்தாள். அதை அவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

அவன் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுத்தான். ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் குப்பியில் போட்டான்.

“கையால நசுக்கக் கூடாதா?”

“கூடவே கூடாது. தலை உள்ளேயே மாட்டிக்கிட்டா புண்ணாயிடும். மண்ணெண்ணெய், நெருப்பு, அந்த வைத்தியமும் வேணாம்.” விரலிடுக்கு, வாலடி, கழுத்துப்பட்டைக்கு உள்ளே... ஒன்றும் விடாமல் தேடினான். “இதுங்க ஒளிஞ்சு பிடிச்சு விளையாடறதுல கெட்டிக்காரங்க.”

“நீங்க தோத்ததே இல்லையா?”

“தோத்தா என் மேல ஏறிடும்ங்க. வீட்டுக்குப் போய் நானும் சட்டையைக் கழற்றி உதறிட்டுத்தான் உட்காருவேன்.”

அவள் சிரித்துவிட்டாள்... சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதோ திருடியவள்போல வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

மாதம் ஒருமுறை பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விடுகிற சொட்டு மருந்து. கால்நடை மருத்துவர் நாயின் எடை பார்த்துத் தருவார். மருந்து விட்டால் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. தினமும் சீவ வேண்டும், சீவும்போதே தடவிப் பார்க்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு அவன் கேட்டான்:

“எது மேல படுக்கும்?”

“ஒரு... பழைய துணி.”

“கொதிக்கிற தண்ணில போட்டுத் துவைங்க. நாய் மேல இருக்கறது கொஞ்சம்தான். மீதி படுக்கையிலயும் சுவர் வெடிப்புலயும்தான் இருக்கும்.”

தலையாட்டினாள். காப்பகத்துக்குப் போகாமல் கம்பளியோடு வீடு திரும்பினாள். துணியைத் துவைக்கவில்லை.

அது பழைய துணி இல்லை. கணவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட நீலச் சட்டை. அதன் வாசனையை அவளும் கம்பளியும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உண்ணிகள் திரும்பி வந்தன. அவளும் கடைக்குத் திரும்பத் திரும்பப் போனாள். உண்ணிக்காகத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்... போகும்போது தலைவாரிக்கொள்ள ஆரம்பித்ததை மட்டும் கண்ணாடி பார்த்துவிட்டது.

“மருந்து விட்டும் குறையலைன்னா, வீட்டைத்தான் பார்க்கணும்,” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். வாசலில் அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தபடியே உள்ளே அழைத்தாள். மாமியார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவன் மூலையிலிருந்த சட்டையை எடுத்தான். தையலோரம் முழுக்கக் கடுகு தூவியதுபோல உண்ணிக் குஞ்சுகள்.

“இதுதாங்க. இதை முதல்ல...”

“தொடாதீங்க!” பிடுங்கிக்கொண்டாள். “நீங்க யாரு இதைத் தொட? நாய்க்கு முடி வெட்ட வந்தவரு, அந்த அளவோட இருங்க!”

“நாய் செத்துடும்ங்க, தெரியுமா உங்களுக்கு?” அவன் குரலும் உயர்ந்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவன்போல நிறுத்தினான். படியிறங்கிப் போய்விட்டான்.

அவள் போகவில்லை. அவனும் வரவில்லை. வீம்புக்கு இரண்டு பக்கமும் பஞ்சமில்லை.

ஆனால் கம்பளி சாப்பிடாமல் படுத்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. ரத்தம் சோதித்த மருத்துவர், “உண்ணிக் காய்ச்சல். மருந்து தரேன்... பார்ப்போம்” என்றார். அந்த ‘பார்ப்போம்’ என்ற சொல்லை அவள் ஏற்கெனவே ஒரு ஆஸ்பத்திரி வாசலில் கேட்டிருந்தாள்.

அன்று மாலை அடுப்பில் அண்டாத் தண்ணீர் கொதித்தது. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள். கட்டிலைவிட்டு எழாத மாமியார், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையை வாங்கினார். ஒரே ஒரு முறை முகத்தில் வைத்து மோந்தார்... தண்ணீரில் அமுக்கினார்.

“அத்தை...”

“நான்தான் கம்பளியை விட்டுட்டு வரச் சொன்னேன். பாவி. அவன் பேரைச் சொன்னா காதைத் தூக்கறதுக்கு, நம்மளைத் தவிர இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் போயிடக் கூடாதும்மா.”

நீலம் தண்ணீரில் கரைவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிறிது நேரம் கழித்து, “அந்தச் சீப்புக்காரத் தம்பியை ஏன் விரட்டின?” என்றார் மாமியார்.

அவள் கரண்டியை எடுத்து அண்டாவைக் கிளறினாள்.

“நீ சிரிச்ச சத்தம் அன்னிக்கு வாசல்ல கேட்டுது. கோவமா வந்துது எனக்கு. அப்புறம்... கேட்டு எவ்வளவு நாளாச்சுன்னு தோணிச்சு. போயிட்டு வா. கம்பளியை நான் பார்த்துக்கறேன்.”

கடையில் அவன் தனியாக, தரையில் விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் துடைப்பம் நின்றது.

“கம்பளி...?”

“இருக்கு. மருந்து சாப்பிடுது. பிழைக்குமான்னு தெரியலை.” மூச்சு வாங்கியது. “சட்டையைத் துவைச்சாச்சு.”

அவன் அவளைப் பார்க்கவில்லை.

“அன்னிக்கு நான் கத்தினது நாய்க்காக மட்டும் இல்லைங்க. நீங்க அதைப் பிடுங்கி நெஞ்சோட அணைச்சீங்க பாருங்க... எனக்குப் பொறாமையா இருந்துது. செத்துப்போன மனுஷனோட சட்டை மேல பொறாமை. என்ன ஜென்மம்டா நீன்னு இருந்துது. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றது?”

வெளியே தூறல் ஆரம்பித்தது.

“அவரை நான் மறக்க மாட்டேன்,” என்றாள்.

“மறக்கச் சொல்லலையே.”

“தெரியும். ஆனா... இப்பல்லாம் யாராவது கதவைத் தட்டினா, நீங்களா இருக்கணும்னு நினைக்கிறேன். முன்னாடி அவரா இருக்கணும்னு நினைப்பேன். எப்ப மாறுச்சுன்னே தெரியலை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... அதைச் சொல்லும்போது சந்தோஷமா இருக்கணும் இல்லையா? எனக்கு அழுகையாத்தான் வருது.”

வற்றிப்போனதாக நினைத்திருந்த கண்ணீர் வந்தது. நிற்காமல் வந்தது.

அழாதே என்று அவன் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளை உட்காரவைத்தான். பக்கத்தில் தரையிலேயே, கூட்டாத முடிக்கு நடுவில், அவனும் உட்கார்ந்துகொண்டான்.

“அழுங்க,” என்றான். “நான் இங்கேயேதான் இருக்கேன்.”