விளாங்குடிக் கண்மாய்ப் பேயாண்டி

மதுரை மாநகரத்தாருக்கும் சுற்றுப்புறத்துக் கிராமவாசிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், சரித்திரம் இதுகாறும் ஒளித்து வைத்திருந்த மாவீரன் பேயாண்டி, 1934ஆம் வருஷம் பங்குனி மாதத்தில், விளாங்குடிக் கண்மாய்க் கரையில் ஒரு நடுகல்லில் கண்டுபிடிக்கப்பட்டான். கண்டுபிடித்தவர் பெயரும் பேயாண்டி. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.

அதுவரை அந்தப் பெயரை அவர் தேமலைப் போல மறைத்து வந்தார். தலைமைக் குமாஸ்தா ஹாலாஸ்யம் அதை ஆபீஸ் அதிர உச்சரித்து ரசிப்பார். இப்போதோ கல்லிலேயே பெயர் செதுக்கியிருக்கிறது. கீழே ஓர் உருவம். வலக்கையில் வாள், இடக்கையில் கேடயம், பக்கத்தில் குதிரை. ஒரே வாரத்தில் அந்தப் பேயாண்டி குமாஸ்தாவின் கற்பனையில் நாயக்கர் படைக்குத் தளபதியாகி, திண்டுக்கல் கோட்டையைப் பிடித்து, அரண்மனைப் பெண்ணைக் குதிரையில் தூக்கி வந்துவிட்டான். மாலைக் காபியோடு இன்னும் இரண்டு புலிகளைக் கொன்றான்.

மனைவி ஜெயக்கொடியிடமும் சொல்லிப் பார்த்தார்.

“இனிமே என்னையப் பேரைச் சொல்லிக் கூப்பிடு. வீரன் பேரு.”

“புருசன் பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்பாக. இந்தாருங்க, சோறு ஆறுது. வாங்க.”

அடுத்த ஞாயிறு உச்சிப்பொழுதில் ஹாலாஸ்யத்தை அழைத்துப் போய்க் கல்லைக் காட்டினார். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. செத்த மீனும் சூடான மண்ணும் கலந்த வாடை. காற்றே இல்லை.

“என்னங்காணும், உம்ம குதிரைக்குக் காது தொங்கறதே?” என்றார் ஹாலாஸ்யம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராமக்காள் கிட்டே வந்தாள்.

“அது குதிரை இல்ல சாமி, நாயி. கையில இருக்குறது ஊணுகம்பும் சோத்துச்சட்டியும். பஞ்சத்துல, யாராச்சும் சாப்பிடக் கூப்பிட மாட்டாகளான்னு காத்துக் கெடந்தே செத்தவன். இங்கன நின்னு அந்தப் பேரைச் சொல்லீறாதீக. வந்துருவான்.”

“பேஷ். தளபதி பிச்சையெடுத்துத்தான் கோட்டையைப் பிடிச்சாராக்கும்.”

பேயாண்டிக்கு முகம் கறுத்தது. கல்லின்மேல் கைவைத்து, கண்மாய் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

“மாவீரன் பேயாண்டி!”

ஆடுகள் மேய்வதை நிறுத்தின.

“ஏன்?” என்று, கூப்பிட்டவருக்குப் பதில் கொடுப்பதுபோல, ஒரு குரல் கேட்டது.

ஹாலாஸ்யம் பேயாண்டியைப் பார்த்தார். பேயாண்டியின் வாய் மூடியிருந்தது.

மறுநாளிலிருந்து ஆபீசில் யார் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், அவர் வாய் திறக்குமுன் “ஏன்?” என்று பதில் வந்தது. அவருடைய குரல்தான். ஆனால் அவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. கூப்பிட்டவர்கள் அந்தப் பக்கமே பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். முதலில் பயந்தார். பிறகு பயமும் மரத்துப்போயிற்று. விரல் மரத்தது. நாக்கு மரத்தது. ஊறுகாய் உறைக்கவில்லை.

ஜெயக்கொடியின் “இந்தாருங்க” ஒன்றுக்குத்தான் அவரால் திரும்ப முடிந்தது. அதற்கு வேறு யாரும் பதில் சொல்லவில்லை.

“எது வந்தாலும் என் பேரை மட்டும் சொல்லீறாதே,” என்று அவளிடம் சொல்ல நினைத்தார். நாக்கு எழவில்லை.

ஒரு சாயங்காலம் முன்னறைக் கட்டிலில் கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெயக்கொடி சோறு வடித்து இறக்கினாள்.

“இந்தாருங்க.”

அசையவில்லை.

“ஏங்க, ஒங்களத்தான்.”

இமை மட்டும் லேசாகத் துடித்தது. தோளைத் தொட்டாள். கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. ஆயுசு போகிறதே என்ற பயத்தில், ஆயுசைக் குறைக்கும் என்று பயந்த பெயரையே சொன்னாள்.

“பேயாண்டி... சாப்பிட வாங்க.”

“ஏன்?”

கொல்லைப்பக்கமிருந்து.

கட்டிலில் இருந்தவரின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் வழிந்தது.

அடுப்படியில் யாரோ சம்மணமிட்டு உட்காரும் சத்தம். சட்டி நகர்ந்தது. செத்த மீன் வாடை வந்தது. அவசரமில்லாமல் மெல்லும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. நடுவில் ஈரம்.

மறுநாள் பேயாண்டி லேசான செத்த மீன் வாடையோடு ஆபீசுக்கு வந்தார். கூப்பிட்ட குரலுக்கு உடனே எழுந்தார். எங்கே சாப்பிட அழைத்தாலும் போனார். ஜெயக்கொடி தினமும் காலிக் கட்டிலைப் பார்த்து “இந்தாருங்க” என்கிறாள். சில நாள் கட்டில் கயிறு முனகுகிறது.

அந்த வருஷமே பேயாண்டிக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது.