கனத்தவருக்கே மின்சாரம்

மேட்டுத்தெருவின் பாதி ஏற்றத்தில் புனிதவதியின் சைக்கிள் மறுபடியும் செத்தது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி! சோபா போன்ற இருக்கையும் தடித்த டயரும் வைத்த ஒரு மின்வண்டி, பெடலை மிதிக்காமலே அவளைத் தாண்டிப் போனது. அவளுடைய சார்ஜில்தான் போனது.

எல்லாம் பகிர்கலம் என்ற கருவி செய்த வேலை. மோட்டார் பொருத்திய ஒவ்வொரு சைக்கிளிலும் அது இருந்தாக வேண்டும் என்பது நகரச் சட்டம். ஏற்றத்தில் ஒரு வண்டி திணறினால், அருகில் போகும் லேசான வண்டிகளின் மின்சாரத்தைக் கம்பியில்லாமல் உறிஞ்சி அதற்குக் கொடுக்கும். எடை கூடினால் தேவையும் கூடும் என்பது கணக்கு. காய்கறி மூட்டை சுமப்பவர்களுக்காகச் செய்தார்களாம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் நம் அதிகாரிகளை மிஞ்ச ஆளுண்டா?

அன்றும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். இன்னொரு தடவை தாமதமானால் வேலை கிடையாது என்றார் மேற்பார்வையாளர். மாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பகிர்கல அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"வாயக் கட்டி வயித்தக் கட்டி இந்தப் பழைய சைக்கிளுக்கு மோட்டார் மாட்டினேன் சார். நான் ஏத்துன கரண்ட சோபா வண்டிக்காரன் திங்கறான். இது அடுக்குமா?"

"உங்க வண்டி எடை கம்மிம்மா. மெஷின் எடையத்தான் பாக்கும், ஆளப் பாக்காது," என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமல்.

"எடைதான வேணும்? காட்டுறேன்!"

மறுநாள் கேரியரில் அம்மிக்கல்லைக் கட்டினாள். ஏற்றத்தில் சைக்கிள் ஜம்மென்று ஏறியது. சோபா வண்டி முக்கி முனகியது. ஆனால் பின்னால் வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் மெலிந்த சைக்கிளும் நின்றுவிட்டது. புனிதவதிக்குச் சுருக்கென்றது. அதற்காகக் கல்லை இறக்க முடியுமா?

"நீயும் கல்லக் கட்டும்மா!" என்று கத்திவிட்டுப் போனாள்.

கட்டினார்கள். அந்தப் பெண் கட்டினாள், தபால்காரர் கட்டினார், சோபா வண்டிக்காரர் ஆட்டுக்கல்லையே ஏற்றினார். உறிஞ்சுவதற்கு லேசான வண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு காலை, மேட்டுத்தெரு முழுக்கக் கல் சுமந்த சைக்கிள்கள் ஏற முடியாமல் நின்றன. காய்கறி மூட்டைக்காரர்களும் நடுவில் மாட்டிக்கொண்டு திட்டினார்கள்.

"எல்லாரும் ஒண்ணா இறக்கிடுவோம்!" என்று கத்தினாள் புனிதவதி.

"நீ மொதல்ல இறக்கு!" என்றது தெரு.

கயிற்றில் கை வைத்தாள். அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள், ஒருவரும் தங்கள் கயிற்றைத் தொடவில்லை. அப்போது போன் அடித்தது. சமையலறையில் வேறு ஆள் போட்டாயிற்று, இனி வர வேண்டாமாம்.

போவதற்கு இப்போது இடமில்லை. ஆனாலும், பேட்டரியில் மிச்சமிருப்பது அந்த ஆட்டுக்கல்காரனுக்குப் போய்விடக் கூடாதே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இன்னும் இறுக்கினாள்.