மச்சான் பிடித்த கயிறு

அமலனின் முகத்தில் வலப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தது. மச்சான் ரெக்சன் துடைத்துவிட்டான். திரும்பவும் அதே பக்கம்தான் வேர்த்தது.

சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவர்கள் வகையறாவில் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கை தாலி இறங்க எவனுக்கு மனசு வரும்? கயிறு ஒரு தடவை அசைந்தால் ‘இரு’. இரண்டு தடவை என்றால் ‘தூக்கு’. போன வருடம் அமலன் கடலடியிலிருந்து ஒரு தடவைதான் இழுத்தான். ரெக்சன்தான் பயந்துபோய் அவனை ஒரேயடியாக மேலே தூக்கிவிட்டான். பாவி, காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

வேர்வை, ரத்த அழுத்தம், மூச்சு என்று தானாக நடப்பதையெல்லாம் கவனிக்கும் நரம்புகள் அந்தத் திடீர் அழுத்த மாற்றத்தில் கெட்டுப்போயின. விழித்திருந்தால் மூச்சு விடுவான். தூங்கினால் உடம்பு மறந்துவிடும். அப்போது கட்டிலருகே இருக்கும் மெஷின்தான் மூச்சை ஊதும்.

மழை மூட்டத்தில் சாயங்காலமே இருட்டிவிட்டது. கரண்ட் போனது. மெஷின் நின்றது.

“அண்ணே, ஜெனரேட்டர் கேட்டுட்டு வாரேன். அவர தூங்க மட்டும் விட்டுராத” என்று அமலனின் பெண்டாட்டி விஜிலா ஓடினாள்.

அமலன் பரணில் கிடந்த பழைய இடுப்புக் கயிற்றைக் கேட்டு வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். “கண்ணு சொக்குது மச்சான். மறுமுனைய நீ புடிச்சிக்க.”

ரெக்சன் இழுத்தான், அமலன் பதிலுக்கு இழுத்தான். ஓட்டில் மழை சடசடக்க, அடைத்த ஜன்னல் இடுக்கில் உப்புக்காற்று சீற, ஒரு வருடமாகக் காய்ந்து கிடந்த அந்தக் கயிற்றிலிருந்து பாசி வாடை மெல்ல எழுந்து அறையை நிறைத்தது. கயிறு உள்ளங்கையில் ஈரமாக இருந்தது.

மூச்சுச் சத்தம் நின்றது.

“மாப்ள!”

உலுக்க எழுந்தான்.

கயிறு இழுபட்டது. ஒரு தடவை.

இரு.

உட்கார்ந்தான். காது கொடுத்தான். மழை மட்டும். மறுபடி எழுந்தான். மறுபடி ஒரு தடவை. அன்றைக்கு அவன் பேச்சைக் கேட்கவில்லை. இன்றைக்காவது கேட்க வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தான்.

விஜிலா டார்ச்சோடு வந்தாள். “அண்ணே, ஏன் சும்மா இருக்க?”

“இருன்னு சொல்லுதாரு, ஏளா.”

வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. அமலனின் முகம் இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு இல்லை.

விஜிலா அலறினாள்.

ரெக்சன் பிடித்திருந்த கயிறு கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரைக்குள் இறங்கியிருந்தது. விறைப்பாக. நீர் சொட்ட.

இழுபட்டது. இரண்டு தடவை.