லாரன்ஸ் மாமா கொடுத்த ரொட்டி

அனுப்ரியாவின் அப்பாவுக்குக் கால் ஒடிந்துவிட்டது. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. பிரியாணி கொடுத்தால்கூடச் சாப்பிடலாம். ஆனாலும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்க வந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு ரொட்டி பாக்கெட்டோடுதான் வந்தார்கள். நம் ஊரில் அப்படித்தானே! காய்ச்சல் என்று படுத்தாலும் ரொட்டி, கால் ஒடிந்தாலும் ரொட்டி.

"இத வச்சு நான் கடையே போடலாம் போல இருக்கு" என்று அலுத்துக்கொண்டாள் அம்மா தங்கம். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஒரு பாக்கெட்டை மட்டும் அனுப்ரியா கொடுக்க விடவில்லை.

அது லாரன்ஸ் மாமா கொடுத்தது.

லாரன்ஸ் மாமாவும் அப்பா வெள்ளைத்துரையும் தி.நகரில் ஒரே ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவர்கள். மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் முதல் வேலையாக டிபன் டப்பாவை மாற்றிக்கொள்வார்கள். அப்பாவின் புளிக்குழம்பு மாமாவுக்கு, மாமாவின் மீன் வறுவல் அப்பாவுக்கு.

அன்றைக்கு மேல்தட்டிலிருந்து புடவைக் கட்டை எடுக்க அப்பா ஏணியில் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் லாரன்ஸ் மாமா. யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு நொடி கையை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், ஏணி சரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவர் வரத்தான் செய்தார். ஆனால் வார்டுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்ற அனுப்ரியாவின் கையில் ரொட்டியைத் திணித்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நான் வந்தேன்னு உங்க நைனா கிட்ட சொல்லாத கண்ணு. எந்த மூஞ்ச வச்சிக்கினு அவனப் பாக்கறது?"

"உள்ள வாங்க மாமா. அப்பா திட்ட மாட்டாரு."

"வேணாம் கண்ணு. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பாவம், அனுப்ரியா என்ன செய்வாள்? சத்தியம் செய்தாள்.

இப்போது அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். காலில் பெரிய மாவுக்கட்டு. படுத்தபடி வாசலையே பார்ப்பார். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். வந்தது வேறு யாரோ என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். தட்டில் சோறு வைத்தால் இரண்டே வாய்தான் உண்பார்.

"எல்லாப் பயலும் வந்து பாத்தான். அவன் மட்டும் வரல, தங்கம். என்னை மறந்துட்டான் போல" என்றார் ஒருநாள்.

அனுப்ரியாவுக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியத்தை நினைத்து விழுங்கிக்கொண்டாள். அழுகை அழுகையாக வந்தது.

சனிக்கிழமை காலையில் அம்மா பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இந்த ரொட்டி காஞ்சு கட்டையாப் போச்சு. காக்காய்க்குப் போட்டுரவா?"

"ஐயோ, வேண்டாம்மா!"

அனுப்ரியா ஓடிப்போய்ப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பூசணம் இல்லை, கெட்ட வாடை இல்லை. காய்ந்துதான் போயிருந்தது.

அம்மா அடுத்து அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "இந்தா இருக்கு பாரு லாரன்ஸ் அண்ணன் டப்பா. விழுந்த அன்னைக்கு அப்பா பையோட வந்தது. கழுவி வச்சு எத்தனை நாளாச்சு! திருப்பிக் குடுக்கணும். அதுக்குன்னு வெறும் டப்பாவாவா குடுக்கிறது? ஏதாவது போட்டுல்லா குடுக்கணும்."

அனுப்ரியா டப்பாவைப் பார்த்தாள். கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். பள்ளித் தோழி சிம்ராவின் அக்கா கல்யாணத்தில் சாப்பிட்ட ரொட்டி அல்வா நினைவுக்கு வந்தது. உடனே சிம்ராவுக்குப் போன் போட்டாள்.

"காஞ்ச ரொட்டியா? அதுதான்டி நல்லது" என்றாள் சிம்ரா. "எங்கம்மா வேணும்னே காய வச்சுத்தான் செய்வாங்க. நெய்ல வறுத்துட்டுப் பால் ஊத்து. நல்லா ஊறினதும் சர்க்கரை போட்டுக் கிளறு. கை வலிக்குதேன்னு நடுவுல நிறுத்தின, அவ்ளோதான்!"

அம்மா அடுப்பைப் பற்றவைத்துப் பக்கத்திலேயே நின்றாள். ரொட்டித் துண்டுகள் நெய்யில் சிவந்தன. பாலில் ஊறிக் குழைந்தன. சர்க்கரை விழுந்ததும் வீடே மணத்தது. அனுப்ரியா கை மாற்றி மாற்றிக் கிளறினாள். ஓரத்தில் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

"பரவாயில்ல, அதுவும் ஒரு ருசிதான்" என்றாள் அம்மா.

"என்ன வாசனை அது?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அப்பா. அவராக வாயைத் திறந்து ஒன்று கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"வந்து சொல்றேன்ப்பா!"

அல்வாவை மாமாவின் டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஜவுளிக் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. சாப்பாட்டு நேரம். லாரன்ஸ் மாமா மாடியில் ஓர் ஓரமாகத் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வாயில் வைத்ததாகத் தெரியவில்லை.

"இன்னா கண்ணு, இங்க வந்துகீற?" என்று பதறி எழுந்தார்.

"உங்க டப்பா மாமா. அப்பா பையில இருந்தது."

அவர் மூடியைத் திறந்தார். "இன்னா இது?"

"நீங்க குடுத்த ரொட்டிதான். அல்வா பண்ணிட்டேன்."

"நைனா கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சத்தியம் பண்ணினேனே." அனுப்ரியா டப்பாவைச் சுட்டிக் காட்டினாள். "ஆனா இதுல பாதிதான் உங்களுக்கு. மீதி அப்பாவுக்கு. அப்பா சரியாவே சாப்பிடறதில்ல மாமா. எப்பவும் வாசலையே பாத்துட்டிருக்காரு."

"யாரப் பாக்கறான்?"

"நீங்கதானே இன்னும் வரல."

லாரன்ஸ் மாமா டப்பாவை மூடினார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

படியேறும் சத்தம் கேட்டு அப்பா தலையைத் தூக்கினார். இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"ஏம்ல இத்தனை நாளா வரல?"

"கைய எடுத்துட்டேன் மச்சி. நான் பிடிச்சிக்கினு இருந்தா நீ விழுந்திருப்பியா?" மாமா கட்டிலருகே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கால் ஒடிஞ்சதக்கூடத் தாங்கிட்டேன்ல. நீ வராம இருந்தியே, அதத்தான் தாங்க முடியல." அப்பாவும் கண்ணைத் துடைத்தார். "உக்காரு. கையில என்ன?"

ஒரே டப்பாவில் இரண்டு கரண்டிகள் போட்டாள் அம்மா. அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

"எந்த ரொட்டிம்மா இது? இவ்வளவு ருசியா இருக்கு!"

அனுப்ரியா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு லாரன்ஸ் மாமாவைப் பார்த்தாள்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வாங்கினு வந்தது மச்சி" என்றார் மாமா மெதுவாக. "வாசலோட திரும்பிட்டேன். பாப்பா கிட்ட நான்தான் சொல்லாதன்னேன்."

அப்பா அடிப்பிடித்த ஓரத்தைச் சுரண்டி மாமாவின் பக்கம் தள்ளினார்.

மாமா கிளம்பும்போது டப்பாவுக்குக் கை நீட்டினார். அப்பா அதை எடுத்துத் தலையணைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வெறும் டப்பாவத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்க வீட்ல கிடையாதுல. நாளைக்கு வந்து வாங்கிக்க."