அழுக்குப் பஞ்சு

“ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை தீனிதான் போட்டேன்—”

“பொய் சொல்லாத! அள்ளிக் கொட்டியிருக்க!”

“இல்லண்ணா, நீ காட்டிக் குடுத்தியே, அதே அளவு—”

“அப்ப நாலு மீனும் மல்லாந்து தூங்குதா?”

பெரியவன் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. பந்தாட்டப் பயிற்சி முகாம் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் காலை வைத்திருந்தான். எதிரே மீன்தொட்டி. தண்ணீர் பால் கலந்ததுபோலக் கலங்கிக் கிடந்தது. நான்கு மீன்கள் செத்து மிதந்தன. ஐந்தாவது, பூசணி என்று பேர் வாங்கிய குண்டு ஆரஞ்சு மீன், மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது.

“காலையில பள்ளிக்கூடம் போறப்போ நீந்திட்டுதான் இருந்துச்சு” என்றாள் சின்னவள்.

“உன் கை பட்டா எதுவும் விளங்காது. செடி வச்ச, காஞ்சு போச்சு. இப்ப மீன்!”

சத்தம் கேட்டு அம்மா வந்தார். தொட்டியைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார்.

“ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதா உனக்கு? இனிமே அந்தத் தொட்டிகிட்டயே போகாத.”

“உன்னை நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்றான் பெரியவன். “கிளம்புற அன்னிக்குக்கூட ஃபில்டர் பஞ்சைச் சோப்பு போட்டுத் தேய்ச்சு, குழாயடியில புதுசு மாதிரி அலசி வச்சுட்டுப் போனேன். எல்லாம் வீண்!”

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஃபில்டருக்குள் பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது.

தொட்டி வாங்கிய புதிதில் ஒரு மாதம் மீனே இல்லாமல் ஃபில்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “மீன் எப்படா வரும்? தண்ணியைத்தான் வளக்கப் போறியா?” என்று அப்பா கிண்டல் செய்தார். “மீன் கழிவுல அம்மோனியா வரும்ப்பா, அது விஷம். அதைத் தின்னு தீர்க்கற நல்ல பாக்டீரியா பஞ்சுல வளரணும். அப்புறம்தான் மீன்” என்று அன்று விளக்கியவன் பெரியவனேதான். அந்தப் பாக்டீரியாவைத்தான் சோப்புப் போட்டுக் கழுவி விட்டிருக்கிறான்!

“அண்ணா, அந்தப் பஞ்சு—”

“பேசாத!”

அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பூசணி மறுபடி வாயைப் பிளந்தது.

தண்ணீரில் அம்மோனியா இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் வாங்கி வைத்திருந்த சோதனைப் பெட்டியைச் சின்னவள் திறந்தாள். குட்டிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மருந்துச் சொட்டுகளை விட்டாள். நல்ல தண்ணீர் என்றால் மஞ்சளாக இருக்கும். இது கரும்பச்சையாக மாறியது.

குளியலறை மூலையில் ஒரு வாளி உண்டு. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் போக அதில் பிடித்து வைப்பார்கள். அண்ணன் இல்லாத நாட்களிலும் அவள் அதை நிரப்ப மறந்ததில்லை. செத்த மீன்களை அள்ளி எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.

பிறகு எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கேயும் ஒரு பெரிய தொட்டி இருந்தது.

“மாமா, உங்க ஃபில்டர்ல அழுக்குப் பஞ்சு இருக்கா?”

“புதுசே இருக்கேம்மா, தரட்டுமா?”

“புதுசு வேணாம் மாமா. நல்லா பழுப்பா, வழவழன்னு, பாத்தாலே முகம் சுளிக்கற மாதிரி வேணும்.”

மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். “சர்க்கரை கேட்டு வந்திருக்காங்க, குடை கேட்டு வந்திருக்காங்க. அழுக்கு கேட்டு வந்த ஆள் நீதான்!”

ஆனாலும் தன் பஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அவள் திரும்பி வந்து, வெள்ளைப் பஞ்சுக்குப் பக்கத்தில் அந்தப் பழுப்புப் பஞ்சைச் செருகினாள்.

நிமிர்ந்தபோது பெரியவன் கதவோரம் நின்றிருந்தான். பழுப்புப் பஞ்சைப் பார்த்தான். பச்சைக் குழாயைப் பார்த்தான். அவன் காது சிவந்தது. திரும்பி உள்ளே போய்விட்டான்.

அம்மா வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து அவள் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாள். தீனியைக் குறைத்தாள். சோதனைக் குழாயில் கரும்பச்சை வெளிறி இளம்பச்சையானது. கடைசியில் மஞ்சள். பூசணி தொட்டியைச் சுற்றி வந்து, கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு தீனி கேட்டது.

அன்று சாப்பிடும்போது அப்பா தொட்டியை எட்டிப் பார்த்தார். “அட, பூசணி பிழைச்சுடுச்சே!”

“பெரியவன் வந்தான், பிழைச்சுது” என்றார் அம்மா. “அவன் கைராசி அப்படி. இவகிட்ட விட்டிருந்தா அதுவும் போயிருக்கும்.”

பெரியவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் எழுந்து போனார்கள். சின்னவள் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பஞ்சைக் கழுவினது யாருன்னு நான் சொல்லலண்ணா. நீயா சொல்லுவேன்னு காத்துட்டிருக்கேன். சொல்லுவியா?”