அக்காவின் பால் வற்றவில்லை

14 செப்டம்பர் 1958, ஞாயிறு. ஸ்ரீராம்புரம்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மல்லிகைக்குப் பதிலாகக் காக்கடா வாங்கி வந்துவிட்டேன்.

பொட்டலத்தைப் பிரித்ததுமே பக்கத்து வீட்டு முத்தம்மா சிரித்தார். "நர்சு வேலைக்குப் படிக்கிற பொண்ணு, மூக்க மார்க்கெட்லயே வுட்டுட்டு வந்துட்டியாடி? வாசனை இல்லாத பூவக் கட்னா பால் எப்படி வத்தும்?" தன் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தையே அவிழ்த்துத் தந்தார்.

தனக்கோடி அக்காவுக்குப் போன வாரம் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அத்தான் புதைத்துவிட்டு வந்தார். பால் மட்டும் நிற்கவில்லை. மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது இங்கே வழக்கம். நேற்று மாலை நர்சு வகுப்பில் பியாட்ரிஸ் டீச்சர் சொன்னார்: குழந்தை வாய் வைத்தால் தாயின் மூளையடிச் சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற நீரைச் சுரக்கும், பால் இறங்கும், கருப்பையும் இறுகும். குடிக்க ஆளில்லாவிட்டால் சில நாளில் பால் தானே வற்றிவிடும். அக்காவுக்கு வற்றவில்லை. அவள்தான் வற்றிக்கொண்டு வருகிறாள். இப்படியே போனால் பிழைப்பாளா என்று பயமாக இருக்கிறது.

மத்தியானம் அத்தான் ஞாயிறு ஷிப்டுக்கு மில்லுக்குப் போன பின், ஓட்டில் தூறல் விழும் ஓசையும் ஈரச் சுவரின் வாடையும் புளித்த பாலும் மல்லிகையும் கலந்த மணமும் அந்தச் சின்ன அறையில் கனத்துக்கொண்டே வர, அக்காவின் மார்பில் கட்டியிருந்த துணி இடப்பக்கம் மட்டும் லேசாக உள்வாங்கி, விட்டு, மீண்டும் உள்வாங்குவதைப் பார்த்தேன். மூச்சு என்று நினைத்தேன். மூச்சு அவ்வளவு வேகமாக இராது.

"வந்துட்டான்," என்றாள் அக்கா, கண் திறக்காமல்.

"யாரும் இல்லக்கா."

"பேஜாரா இருக்குடி. தூங்கவே வுட மாட்டேன்றான்."

அவள் அடிவயிற்றில் கை வைத்தேன். கருப்பை கல்லாக இறுகியது. தளர்ந்தது. இறுகியது. குழந்தையின் நினைப்பு வந்தாலே போதும், பால் இறங்கும். டீச்சர் அதையும் சொல்லியிருக்கிறார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ?

மார்புக் கட்டை அவிழ்த்தேன். பூக்கள் நசுங்கியிருந்தன. ஆனால் துணியில் ஈரமில்லை. ஒரு சொட்டுப் பால்கூட இல்லை. காம்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். பல் முளைக்காத ஈறுகளின் தடம்.

"கொஞ்ச நேரம் இவன நீ வாங்கிக்கயேன்," என்றாள் அக்கா.

அவள் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னேன். "சரிக்கா, குடு."

உடனே தூங்கிவிட்டாள். பிரசவத்துக்குப் பின் இதுதான் முதல் தூக்கம்.

என் மடி கனத்தது.

பார்த்தேன். ஒன்றுமில்லை. கனம் மட்டும். மண் வாடை. சில்லிட்ட ஒரு கன்னம், ரவிக்கைமேல் ஊர்ந்தது.

ரவிக்கை நனைந்தது. அடிவயிறு இறுகியது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அக்கா குறட்டை விடுகிறாள். இடக்கையால் அணைத்துக்கொண்டு, வலக்கையால் இதை எழுதுகிறேன்.

நாளை: அக்காவை ஜீவனஹள்ளிக்கு, சித்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இவனோடு நான் இங்கேயே இருந்துகொள்ள வேண்டும்.