கொட்டாமல் வைத்த நீர்

இயந்திரத்தை அணைத்த பிறகு அது ஒரு மூச்சு விட்டது.

விமலனுக்கு அப்படித்தான் தோன்றியது. சுவிட்சைத் தட்டியதும் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குள் சுழன்றுகொண்டிருந்த விசிறி மெல்ல மெல்ல அடங்கி, அதன் இரைச்சல் தேய்ந்து, படுக்கையறையில் ஓசை என்பதே இல்லாமல் போன பின்னர், தலைச்சுமையை இறக்கி வைத்த ஒருவர் விடுவது போன்ற நீண்ட பெருமூச்சு ஒன்று அதன் நீர்த்தொட்டிக்குள்ளிருந்து எழுந்தது. அவர் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். சற்றுப் பொறுத்து இரண்டாவது மூச்சு வந்தது.

“அப்பா, வேக்கம் டயர்டாயிருச்சு,” என்றாள் அவருடைய மகள் பிரியா. நாற்காலியில் சம்மணமிட்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

“காத்துமா. உள்ள மாட்டுன காத்து வெளிய வருது.”

“எனக்கு மாட்டுனா மட்டும் வர மாட்டேங்குது.”

அது பிற்பகல்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடியில் விளக்கு வைக்கும் நேரம் போல இருந்தது. கடலுக்கு அப்பால் எரியும் காடுகளின் புகைமூட்டம் நகரை மூடிக்கிடந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். சன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டுகளைத் திணித்து வைத்தும் எரிந்த இலையின் வாடை எங்கிருந்தோ கசிந்து வந்தது. கீழே ஓடும் ரயிலின் ஓசைகூடப் பஞ்சில் சுற்றி வைத்தது போல மழுங்கிக் கேட்டது.

அந்த இயந்திரத்தை வாங்கியதே பிரியாவின் நெஞ்சுக்காகத்தான். அவளுக்கு வயது ஏழு. தாயிடமிருந்து அவள் பெற்றுக்கொண்டவை சுருள்முடியும் ஆஸ்துமாவும். விமலனின் மனைவி மலர்விழி, சென்ற ஆண்டின் இறுதியில், இதே அறையில், இதே மெத்தையின் சுவரோரப் பக்கத்தில், மூச்சு முட்டி இறந்துபோனார். கிள்ளானில் வசிக்கும் விமலனின் தமக்கை வள்ளியம்மா, கருமக்கிரியை முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

“செத்தவங்க படுத்த மெத்தைய வீட்டுல வைக்கக் கூடாதுடா தம்பி. லோரிக்காரனக் கூப்பிட்டு ஏத்தி அனுப்பு.”

விமலன் பணிவோடு தலையாட்டினார், அனுப்பவில்லை. சுவரோரப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் பிரியா தூங்க மறுத்தாள். தாயின் வாசனை அங்கேதான் இருக்கிறதாம். அதை அவளிடமிருந்து பறிக்க அவருக்கு மனம் வரவில்லை.

புகைமூட்டம் தொடங்கியதும் அவளது நெஞ்சு மீண்டும் விசிலடிக்கத் தொடங்கியது. வீட்டுத் தூசியைக் குறைக்கும்படி மருத்துவர் அறிவுறுத்தினார். அலுவலக நண்பர் ஒருவரின் பரிந்துரையின்பேரில் ரிஸ்வானா என்னும் விற்பனை முகவர் இயந்திரத்தைக் கொண்டுவந்து இயக்கிக் காட்டினார். பை கிடையாது, உறிஞ்சும் தூசியெல்லாம் நீரில் அடங்கும். தெளிந்த நீரைத் தொட்டியில் நிரப்பி, மெத்தையின் சுவரோரப் பக்கத்தில் உறிஞ்சுகுழாயைப் பொறுமையாக ஓட்டியபின், அவர் தொட்டியைக் கழற்றி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நீர் அரிசி களைந்தது போல வெளுத்திருந்தது.

“பார்த்தீங்களாண்ணே? இது ரோட்டுத் தூசி இல்ல. படுக்கிறவங்க மேலருந்து உதிர்ற தோலு. இந்தப் பக்கம் யாரு ரொம்ப வருசமா படுத்தாங்களோ, அவங்க பாதி ஆளு இன்னும் உள்ளதான் இருப்பாங்க லா.” சிரித்தவர், விமலனின் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “தண்ணிய டாய்லெட்ல ஊத்தி ஃபிளஷ் பண்ணிருங்கண்ணே. உள்ளயே மட்டும் விட்டுறாதீங்க. நாறிரும். அப்புறம் வாரண்டின்னு வந்தா எங்க ஆளுங்க தர மாட்டாங்க.”

“சரிங்க. ரொம்ப நன்றிங்க,” என்றார் விமலன்.

அவர் விடைபெற்றுச் சென்ற பின், விமலன் தொட்டியைக் கழிப்பறைக்கு எடுத்துச் சென்றார். சாய்க்கப் போனார். முடியவில்லை. மலரின் சாம்பலை மஞ்சள் துணியில் முடிந்து, கிள்ளான் கடலில் இடுப்பளவு நீரில் நின்று கரைத்த கைகள் அவை. கடலில் வணங்கி விட்டவரின் மிச்சத்தை மலக்குழியில் விடுவது எந்த விதத்தில் முறையாகும்? புகை தெளிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குச் செல்லும்போது அதையும் கடலில் சேர்த்துவிடலாம் என்று எண்ணி, தொட்டியை மீண்டும் இயந்திரத்தில் பொருத்தி, அறையின் மூலையில் வைத்தார்.

அன்றிரவு பிரியா இருமவில்லை. தலையணைக்கடியில் இருந்த இன்ஹேலர் விடியும்வரை தொடப்படாமலேயே கிடந்தது.

அதன்பிறகு நாள்தோறும் பிரியா படுத்தெழுந்த மெத்தையை உறிஞ்சினார். நீரை மட்டும் மாற்றவில்லை. அது பாலைப் போலானது. பின்னர் கஞ்சியைப் போலத் தடித்தது. நாறவில்லை. மூடியை நெகிழ்த்தினால், மலர் படுக்கும் முன் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் காரமான வாசனைதான் மெல்லியதாக வந்தது. அதற்காக அவர் அஞ்சவில்லை. உண்மையைச் சொல்வதானால், ஓரிரு முறை வேண்டுமென்றே நெகிழ்த்தி முகர்ந்தார்.

அந்தப் பெருமூச்சு வந்த பின்புதான் அவருக்குள் அச்சம் புகுந்தது. முதலில் அணைத்தவுடன் மட்டும் கேட்டது, பின்னர் எந்நேரமும் கேட்டது. மின்கம்பி சுருட்டி வைக்கப்பட்டு, மூலையில் துணி போர்த்தியிருந்த இயந்திரத்திலிருந்து, மெதுவாக ஓர் இழுப்பு, நடுவே ஒரு தடுக்கல், அதன்பின் மெல்லிய விசில். அந்தத் தடுக்கலை அவர் அறிவார். எத்தனையோ ஆண்டுகள் இருட்டில் விழித்துக் கிடந்து, அடுத்தது வருமா வருமா என்று காத்திருந்து கேட்ட தடுக்கல் அது.

படித்தவர் அவர். பேரிங் தேய்ந்திருக்கும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டு, வாரண்டி அட்டையையும் இயந்திரத்தையும் காரில் ஏற்றி ஷா ஆலமில் இருந்த பழுதுபார்க்கும் நிலையத்துக்குச் சென்றார். திருச்செல்வம் என்னும் பழுதுபார்ப்பவர் முன்னால் வந்து நின்றார்.

“என்ன பிரச்சினை பாஸ்?”

“ஆஃப் பண்ணப்புறமும் சத்தம் வருதுங்க.”

“எப்படிச் சத்தம்?”

விமலன் சொல்லைத் தேடினார். “இளைக்கிற மாதிரிங்க.”

“வேக்கத்துக்கே இளைப்பா? இந்தப் புகையில அது மட்டும் என்ன பண்ணும் லா.” திருச்செல்வம் குனிந்து தொட்டியைப் பார்த்தார். அவரது புருவம் சுருங்கியது. “என்ன பாஸ் இது, சாந்து மாதிரி இருக்கு? தண்ணிய ஊத்தவே மாட்டீங்களா? இப்படி வச்சிருந்தா மோட்டாருக்கு வாரண்டி வராது.”

“அத மட்டும் தயவுசெஞ்சு ஊத்திராதீங்க. தொட்டியக் கழட்டி ஓரமா வச்சிருங்க.” விமலன் தொட்டியைக் கையால் மறைத்தார். “சாமி விசயங்க.”

திருச்செல்வத்தின் முகம் மாறியது. மேசையிலிருந்த எண்ணெய்க் கந்தலை நகர்த்தி, ஒரு சுத்தமான துணியை விரித்து, அதன்மேல் தொட்டியை இரு கைகளாலும் எடுத்து வைத்தார்.

இயந்திரத்தை அங்கே விட்டுவந்த அன்றிரவே பிரியாவின் நெஞ்சு விசிலடித்தது. மறுநாள் முற்பகலில், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவள், எவரோ கழுத்தைப் பிடித்தது போல முன்னால் சாய்ந்தாள். விமலன் இன்ஹேலரை அழுத்தினார். மீண்டும் அழுத்தினார். அவளது உதடுகள் நாவற்பழம் தின்றவை போல நீலமாயின. அவளைத் தூக்கிக்கொண்டு, மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல், படிகளில் இறங்கி, கீழே இருந்த மருத்துவரின் மருந்தகத்துக்கு ஓடினார்.

மருத்துவர் அவளது முகத்தில் கவசம் பொருத்தி மருந்தை ஆவியாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது விமலனின் தொலைபேசி ஒலித்தது.

“பாஸ், திருச்செல்வம் பேசுறேன். மன்னிச்சுக்கோங்க. என் முழங்கை பட்டு தொட்டி சாஞ்சிருச்சு. கொஞ்சந்தான் கொட்டுச்சு, ஒடனே நிமித்திட்டேன்.”

“எப்பங்க?”

“இப்ப, சாப்பாட்டுக்கு முன்னாடி. பாஸ், மிஷின் பிளக்ல இல்ல. தொட்டி தனியாத்தான் மேசையில இருந்துச்சு. சாஞ்சதும் அது இருமுச்சு.”

மலரின் இருமல் விமலனின் காதில் எழுந்தது.

“பெரியவங்க இருமல் இல்ல பாஸ்,” என்றார் திருச்செல்வம், குரலைத் தாழ்த்தி. “சின்னப் புள்ள. பொம்பளப் புள்ள இருமுற மாதிரி. நீங்க வந்து எடுத்துட்டுப் போயிருங்க. மோட்டார்ல ஒரு கொறையும் இல்ல. வாரண்டியில எழுதறதுக்கு ஒன்னுமில்ல.”

மருந்து பிரியாவுக்குப் பாதிதான் வேலை செய்தது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி மருத்துவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். விமலன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதையும் சிந்திக்கத் துணியாதவராக, காரை ஷா ஆலம் பக்கம் திருப்பினார். பின்னிருக்கையில் அவள் ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுத்துக்கொண்டிருந்தாள். நிலையத்திலிருந்து எடுத்துவந்த இயந்திரத்தை அவள் அருகில் வைத்ததும் அதைக் கட்டிக்கொண்டாள். விசில் நின்றது. உதடுகள் சிவந்தன. விமலன் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதார்.

நெடுஞ்சாலையில் முன்செல்லும் கார்களின் சிவப்பு விளக்குகள் மட்டுமே புகையில் மிதந்தன. விமலன் வானொலியை அணைத்தார். இழுப்பு. தடுக்கல். விசில். அவர் வெகுநேரம் காது கொடுத்தார். பிரியாவும் இயந்திரமும் இருந்த பின்னிருக்கையில் ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது.

வீட்டில் வள்ளியம்மா காத்திருந்தார். மருந்தகத்திலிருந்து விமலன் அழைத்தபோதே கிள்ளானிலிருந்து ரயிலேறிவிட்டார். உறங்கும் பிரியாவை மெத்தையில் கிடத்தி, இயந்திரத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டு வந்த தம்பியிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்தார். அவர் திட்டவில்லை.

“வீடு பூரா மலரு தைல வாசனைடா. பாவம், அவளையும் போக விடாம, புள்ளையையும் விடாம, என்ன காரியம் பண்ணியிருக்க.” முந்தானையை இழுத்துச் செருகினார். “அந்தத் தொட்டிய எடு. புகையாவது ஒன்னாவது. இப்பவே போயி கடல்ல விட்டுட்டு வந்துருவோம். மெத்தைய நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“சரிக்கா,” என்றார் விமலன். அது சரியென்றே அவருக்கும் பட்டது.

அறைக்குள் போய், வழக்கம்போலக் கதவைச் சாத்தினார்.

சன்னலில் மாலை வெளிச்சம் துருவைப் போல அப்பியிருந்தது. பிரியா சுவரோரமாக ஒருக்களித்துக் கிடந்தாள். உறிஞ்சுகுழாயின் வாய் தலையணை மீது, அவளது வாயருகில் இருந்தது. அவளது விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்திருந்தன. மின்கம்பி தரையில் சுருண்டு கிடந்தது.

தொட்டியில் நீர் உயர்ந்தது. தடுக்கியது. தாழ்ந்தது.

அவர் போர்வையைப் பார்த்தார். போர்வை அசையவில்லை.

மூக்கின் கீழே விரலை வைத்தார். காற்று இல்லை. நெஞ்சில் காதை வைத்தார். இதயம் துடித்தது. அமைதியாக. நெஞ்சு மட்டும் ஏறவில்லை, இறங்கவில்லை.

நீர் உயர்ந்தது. தாழ்ந்தது.

“பிரியா. கண்ணு.”

குழாயை அவளது விரல்களிலிருந்து விடுவித்து விலக்கினார். தொட்டி அமைதியானது. அவளது உதடுகள் நீலமாயின. கண்கள் திறந்தன. அவை அவரைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தன. வாய் திறந்து மூடியது. காற்று உள்ளே போகவில்லை.

மீண்டும் வைத்தார்.

இழுப்பு. தடுக்கல். விசில். உதடுகள் சிவந்தன. கண்கள் மூடின. அவர் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

அப்போதுதான் கண்டார். அவளது கன்னத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு. முகப்பவுடரைவிட மெல்லியது. தலையணை மீது ஊர்ந்து குழாயின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் கொஞ்சம். கன்னத்தைத் தொட்டார். விரல் பட்ட இடம் உதிர்ந்தது. அந்த இடத்தில் குழி விழுந்தது.

குழாயை இழுத்தார். நீலம்.

வைத்தார். வெள்ளை.

“எடுத்துட்டியாடா?” கதவுக்கு வெளியிலிருந்து வள்ளியம்மாவின் குரல்.

“இல்லக்கா.”

“ஏன்டா? கதவ ஏன் சாத்தியிருக்க? தொற.”

அவர் திறக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பால் புட்டியைப் பிடிப்பவர் போல, நழுவிவிடாதபடி, குழாயின் வாயை இரு கைகளாலும் அவளது உதடுகளோடு சேர்த்துப் பிடித்தார். தொட்டிக்குள் நீர் இன்னும் சற்று வெளுத்தது. நிம்மதியாக, ஆழமாக, ஒரு மூச்சு இழுத்தது.